மாநகராட்சி மரம் காரின் மேல் விழுந்தால்: இன்சூரன்ஸா, நகர நிர்வாகத்திடம் இழப்பீடா?

சாலையோரம் நிறுத்திய காரின் மேல் நகர நிர்வாகத்துக்குச் சொந்தமான மரமோ கிளையோ விழுந்துவிட்டால் பணம் வாங்க மூன்று வழி இருக்கிறது. நம் கார் இன்சூரன்ஸில் க்ளெய்ம் போடலாம், மரத்தின் சொந்தக்காரரான நகர நிர்வாகத்திடம் இழப்பீடு கேட்கலாம், அவர்கள் கைவிரித்தால் கோர்ட்டுக்குப் போகலாம். என் காரின் மேல் கிளை விழுந்தபோது நான் முதல் வழியில் போனேன், கூடவே நகர நிர்வாகத்துக்கும் ஒரு நோட்டீஸ் கொடுத்து வைத்தேன், கோர்ட்டுக்குப் போகவில்லை. ஆகவே இதை நடுநிலையான அலசல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் காரின் சேதத்துக்கும் பணம் தரும் முழு பாலிசி, அதாவது காம்ப்ரிஹென்சிவ் பாலிசி, கையில் இருந்தால் முதலில் இன்சூரன்ஸ்தான் என்பது என் கட்சி. அதற்குப் பெரிய காரணம் ஒன்றே ஒன்றுதான், மற்றதெல்லாம் அதைத் தொட்டு வருபவை.

இன்சூரன்ஸ் கம்பெனி இது யார் தப்பு என்று கேட்பதில்லை. மரம் விழுந்ததா, கார் நசுங்கியதா, பாலிசி நடப்பில் இருக்கிறதா, அவ்வளவுதான். நகர நிர்வாகத்திடம் போனாலோ எல்லாமே அந்தத் தப்பு என்ற ஒரு கேள்வியில்தான் நிற்கிறது.

மரம் அவர்களுடையது, அது என் கார் மேல் விழுந்தது, அதனால் அவர்கள் பணம் தர வேண்டும் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் படித்துப் பார்த்த அளவில் இந்தியா, இங்கிலாந்து, அமெரிக்கா எங்கேயும் மரத்தின் சொந்தக்காரர் என்பதாலேயே பொறுப்பு தலையில் ஏறிவிடுவதில்லை. அந்த மரம் ஆபத்தான நிலையில் இருந்தது என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அல்லது ஒழுங்காகப் போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றாவது இருக்க வேண்டும். அதைக் காட்ட வேண்டிய வேலை நம்முடையது. நசுங்கிய காரை எத்தனை கோணத்தில் படம் எடுத்து வைத்திருந்தாலும் இந்த ஒன்றுக்குச் சான்று இல்லையென்றால் பெரும்பாலும் விஷயம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

இது எவ்வளவு கறாரான விதி என்பதற்கு ராஜ்கோட் மாநகராட்சி வழக்கைப் பார்க்க வேண்டும். 1975 மார்ச்சில் ராஜ்கோட்டில் ஒருவர் ரயில் நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்தபோது சாலையோர மரம் ஒன்று அவர் மேல் சாய்ந்தது. தலையில் அடிபட்டு இறந்துபோனார். இங்கே போனது கார் இல்லை, உயிர். குடும்பம் வழக்குப் போட்டது, விசாரணை நீதிமன்றமும் குஜராத் உயர் நீதிமன்றமும் குடும்பத்தின் பக்கம் தீர்ப்பளித்தன. 1997ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. ஊரிலுள்ள ஒவ்வொரு மரத்தின் ஆரோக்கியத்தையும் மாநகராட்சி இடைவிடாமல் சோதித்துக்கொண்டே இருக்கும் நிலை இங்கே இல்லை, மரம் விழும் நிலையில் இருந்தது அவர்களுக்குத் தெரியும் என்று காட்டப்படவில்லை, ஆகவே பொறுப்பு இல்லை என்ற ரீதியில் போகிறது அந்தத் தீர்ப்பு. அந்தக் குடும்பத்தை நினைத்தால் மனது ஆறவில்லை. மரம் விழுந்ததிலிருந்து கடைசித் தீர்ப்பு வரை 22 வருஷம். உயிர் போன வழக்கிலேயே இப்படி என்றால், கார் கூரை நசுங்கியதற்கு நீதிமன்றம் விதியை இளக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இங்கிலாந்திலும் இதே பாதைதான். காமினர் வழக்கு என்று பழைய வழக்கு ஒன்று, 1951ஆம் வருஷத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. லண்டனில் பெரிய எல்ம் மரம் ஒன்று வேரோடு சாய்ந்து சாலையில் போன காரை நொறுக்கியது. வேர் அழுகியிருந்தது, ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத அழுகல். மரம் நின்ற இடத்தை வைத்திருந்த கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று, அன்றைக்கு அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது. 2011ல் சர்ரே கவுண்டி கவுன்சில் என்ற உள்ளாட்சி அமைப்பின் மீதான ஒரு வழக்கு இன்னும் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. நிறுத்திய காரிலிருந்து சைக்கிளை இறக்கிக்கொண்டிருந்தவர் மேல் ஓக் மரக் கிளை விழுந்து அவர் இறந்தார். கவுன்சிலின் மரச் சோதனை முறை சரியில்லை என்பதை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. இருந்தும், ஒழுங்கான முறைப்படி சோதித்திருந்தாலும் அந்தக் கிளையின் குறை கண்ணில் பட்டிருக்காது என்பதால் வழக்கு தோற்றது. அதாவது அவர்கள் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று காட்டுவது மட்டும் போதாது, செய்திருந்தால் இந்தக் குறிப்பிட்ட கிளையைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்றும் காட்டியாக வேண்டும்.

நம் கையில் சான்று கம்மி, இன்சூரன்ஸ் கம்பெனிக்கோ பெரிய வக்கீல் படை இருக்கிறது, அவர்களாவது ஜெயிப்பார்களா என்று கேட்டால் அதற்கும் ஒரு பதில் இருக்கிறது. 2011 நவம்பர் கடைசியில் கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரில் பேய்க்காற்று அடித்தபோது நகரத்துக்குச் சொந்தமான மரம் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. மெர்க்குரி கேஷுவல்ட்டி என்ற கம்பெனி வீட்டுக்காரருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதை நகரத்திடம் வசூலிக்க வழக்குப் போட்டது. கவனக்குறைவை நிரூபிக்கத் தேவையில்லாத ஒரு வாதத்தைப் பிடித்தார்கள்: பொதுத் திட்டத்தால் தனியார் சொத்து பாழானால் அரசு ஈடு கட்ட வேண்டும் என்ற அரசியல் சட்ட வாதம். கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், 2017ல் மேல்முறையீட்டில் தோற்றார்கள். இதில் நான் கவனித்தது வேறு ஒன்று. வழக்கு தோற்றாலும் அந்த வீட்டுக்காரருக்குப் பணம் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. வருஷக்கணக்கில் இழுத்த வழக்கும் அதன் தோல்வியும் கம்பெனியின் பாடு. என் கட்சிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, முன்பே தெரிந்திருந்தது என்பதற்கு எதெல்லாம் சான்றாகும்? இங்கேதான் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் அது மரம் விழுந்த அன்றைக்கே, சில சமயம் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே கையை விட்டுப் போய்விடும். சாலையை மறித்துக் கிடக்கும் மரத்தை வெட்டி அகற்ற ஆட்கள் வந்துவிடுவார்கள், அது அவர்கள் கடமையும்கூட. அதற்குள் காரைப் படம் எடுப்பதோடு மரத்தையும் எடுக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் காரை மட்டும் எடுக்கிறார்கள்.

முதலில் முறிந்த இடம். கிளை தண்டிலிருந்து பிய்ந்த இடத்தில் மரக்கட்டை வெளிறி, ஈரமாக, நார் நாராகக் கிழிந்திருந்தால் உயிருள்ள நல்ல கட்டை முறிந்திருக்கிறது என்று பொருள். கரும்பழுப்பாக, விரலால் தேய்த்தால் தூளாக உதிர்ந்தால் உள்ளே பல காலமாக உளுத்திருக்கிறது. ஒரே முறிவில் பாதி பழுப்பும் பாதி வெள்ளையுமாக இருந்தால் அந்தப் பழுப்புப் பாதி ஏற்கெனவே விட்டுப்போயிருந்தது, மிச்சப் பாதிதான் இதுவரை தாங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு ஸ்கேலையோ சாவியையோ வைத்து எடுத்தால் அளவு தெரியும். தண்டின் அடியில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருக்கிறதா, பொந்து இருக்கிறதா, கிளையில் பட்டை உரிந்து இலையே இல்லாமல் இருந்ததா என்றும் பார்க்க வேண்டும். இலையில்லாத பட்டுப்போன கிளை நல்ல சான்று, ஏனென்றால் சாலையில் நின்று அண்ணாந்து பார்த்த யாருக்கும் அது தெரிந்திருக்கும், நிபுணர் வேண்டியதில்லை.

மரம் வேரோடு சாய்ந்திருந்தால் வேரைப் பார்க்க வேண்டும். கேபிளுக்கோ குடிநீர்க் குழாய்க்கோ நடைபாதைக்கோ பள்ளம் தோண்டியபோது வேரை நேர்கோட்டில் நறுக்கியிருந்தால் வெட்டுவாய் சீராக இருக்கும், தானாக அறுந்த வேர் அப்படி இருக்காது. இது கிடைத்தால் வாதமே மாறிவிடும். ஆபத்து அவர்களுக்குத் தெரியுமா என்று தேட வேண்டியதில்லை, அந்த ஆபத்தை உண்டாக்கியதே அவர்களோ அவர்கள் அனுமதித்த ஒப்பந்தக்காரரோதான் என்று ஆகிவிடுகிறது.

அப்புறம் காற்று. நகர நிர்வாகத்தின் முதல் பதில் பெரும்பாலும் இயற்கைச் சீற்றம், எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்பதாகத்தான் இருக்கும். அன்றைய காற்றின் வேகத்தை அருகிலுள்ள வானிலை நிலையத்தின் பதிவிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் வலிமையை நிலை நிலையாகப் பிரிக்கும் போஃபோர்ட் அளவுகோலில் மணிக்கு 62 முதல் 74 கிலோமீட்டர் வரை வீசும் 8ஆம் நிலைக் காற்றில் சிறு சுள்ளிகள்தான் ஒடியும் என்று இருக்கிறது, மரங்கள் வேரோடு சாய்வது 89 கிலோமீட்டருக்கு மேல் போகும் 10ஆம் நிலையில். சாதாரணக் காற்றில் ஒரு முழு மரம் சாய்ந்திருக்கிறது என்றால் மரத்தில்தான் கோளாறு என்று சொல்ல இடம் கிடைக்கும். ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு போய்விட முடியாது. காற்றே இல்லாத வெயில் நாளில் நல்ல ஆரோக்கியமான கிளை திடீரென்று முறிந்து விழுவது மரம் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான், ஏன் அப்படி ஆகிறது என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. அது முன்கூட்டியே எந்த அறிகுறியும் காட்டாது.

என் விஷயத்தில் நடந்தது கிட்டத்தட்ட அதுதான். முறிவு முழுக்க வெள்ளையாக இருந்தது, பச்சை வாசம் அடித்தது, கிளை நிறைய இலை. உளுத்த இடம் எங்காவது இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்தேன். கூரையில் பள்ளம், முன்கண்ணாடி சில்லுச் சில்லாக விரிசல், பானெட்டில் நீளக் கீறல், ஒரு பக்கக் கதவு திறக்கவில்லை, இவ்வளவு சேதமும் ஒரு நல்ல கிளையால் வந்தது. நகர நிர்வாகத்திடமிருந்து வந்த பதில் கடிதமும் அதையேதான் சொன்னது: மரம் ஆரோக்கியமானது, புகார் எதுவும் பதிவாகவில்லை, இழப்பீடு இல்லை. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு நேர் எதிர். அவர் தெருவில் பட்டுப்போன கிளை ஒன்று மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தது, எதிர்வீட்டு அம்மா அதைப் பற்றி ஏற்கெனவே புகார் கொடுத்து, புகார் எண்ணையும் எழுதி வைத்திருந்தார். அந்த எண் ஒன்றுதான் வேலை செய்தது. முதலில் மறுத்த அலுவலகம் கடைசியில் பேச்சுவார்த்தைக்கு வந்தது. அவரிடம் முழு பாலிசி இல்லை, அவருக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

பழைய புகார்களைத் தேடுவதற்குத் தகவல் உரிமைச் சட்டங்கள் இருக்கின்றன. இந்தியாவில் 2005ஆம் வருஷச் சட்டப்படி 30 நாளில் பதில் தர வேண்டும், இங்கிலாந்தில் 2000ஆம் வருஷச் சட்டப்படி 20 வேலை நாள், கலிஃபோர்னியாவில் பதிவுகளைத் தருவோமா மாட்டோமா என்று 10 நாளில் சொல்ல வேண்டும். பொத்தாம்பொதுவாக மரம் பற்றிய தகவல் என்று கேட்டால் பொத்தாம்பொதுவான பதில்தான் வரும். இந்த இடத்திலுள்ள இந்த மரத்தைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள், எப்போது கிளை கழித்தார்கள், கடந்த சில வருஷத்தில் இந்தத் தெருவின் மரங்கள் பற்றி என்னென்ன புகார் வந்தது, வெட்ட உத்தரவு போட்டு வேலை நடக்காமல் கிடக்கிறதா, இந்தப் பக்கத்தில் பள்ளம் தோண்ட யாருக்கு அனுமதி கொடுத்தார்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். வெட்ட உத்தரவு போட்டு நிறைவேறாமல் கிடந்ததற்கான காகிதம் கிடைத்துவிட்டால் அதைவிட வலுவான சான்று வேறில்லை. தெருவில் இரண்டு வீட்டில் விசாரிப்பதும் முக்கியம். யார் புகார் கொடுத்தார்கள் என்பது அலுவலகத்தைவிட அக்கம்பக்கத்தாருக்கு நன்றாகத் தெரியும்.

இன்சூரன்ஸ் பக்கம் சொல்ல அவ்வளவு இல்லை. தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் மரம் விழுந்ததற்குப் பைசா வராது, அது நாம் மற்றவர்களுக்குச் செய்யும் சேதத்துக்கானது. காம்ப்ரிஹென்சிவ், அல்லது சொந்தச் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதி இருக்க வேண்டும். அமெரிக்காவில் மோதலுக்கான பாலிசி தனி, காம்ப்ரிஹென்சிவ் தனி. நிறுத்திய கார் மேல் மரம் விழுந்தால் காம்ப்ரிஹென்சிவில் வரும், விழுந்து கிடக்கும் மரத்தில் நாம் கொண்டுபோய் மோதினால் மோதல் பாலிசியில் வரும். காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டுப் பிரிப்பதற்கு முன்னால் கம்பெனிக்குச் சொல்லி சர்வேயர் பார்த்துவிட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

இலவசம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒவ்வொரு க்ளெய்மிலும் நாம் கையிலிருந்து கட்ட வேண்டிய ஒரு தொகை உண்டு. இந்தியாவில் தேய்மானக் கழிவும் உண்டு, தேய்மானம் கழிக்காமல் தரும் ஜீரோ டெப் ஆட்-ஆன் எடுக்காவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிதான் கிடைக்கும், கண்ணாடிக்குக் கழிவு கிடையாது. பழுது பார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பு என்று முடிவு செய்துவிடுவார்கள். எல்லாவற்றையும்விட நோ க்ளெய்ம் போனஸ் போவதுதான் உறுத்தும். இந்தியாவில் க்ளெய்ம் இல்லாத வருஷங்களுக்கு ஏற்ப 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும் தள்ளுபடி ஒரே க்ளெய்மில் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும், அதைக் காக்கத் தனி ஆட்-ஆன் எடுத்திருந்தால் தவிர. இங்கிலாந்தில், கொடுத்த பணத்தைக் கம்பெனி வேறு யாரிடமிருந்தும் திரும்ப வசூலிக்க முடியாவிட்டால், கார் சும்மா நின்றுகொண்டிருந்திருந்தாலும் அது நம் கணக்கில் எழுதும் க்ளெய்மாகவே போகும். ஒரு தப்பும் செய்யாதவர் ஏன் போனஸை இழக்க வேண்டும் என்ற கோபம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

அதனால் சேதம் சின்னதாக, ஒரு டெண்ட்டும் கொஞ்சம் பெயின்ட்டும் என்ற அளவில் இருந்தால் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் க்ளெய்ம் போட வேண்டும். கையிலிருந்து கட்டுவதையும் அடுத்த சில வருஷத்தில் இழக்கப் போகும் போனஸையும் கூட்டினால் பழுதுச் செலவை எட்டிவிடுகிறதா? எட்டினால் இன்சூரன்ஸை விட்டுவிட்டு நகர நிர்வாகத்திடம் மட்டும் கேட்டுப் பார்க்கலாம், கிடைத்தால் லாபம். கூரையும் அதைத் தாங்கும் தூணும் நசுங்கிய அளவுக்குப் போய்விட்டால் இந்தக் கணக்கே தேவையில்லை.

இனி எதைத் தேர்ந்தெடுத்தாலும் தள்ளிப்போடக் கூடாத ஒரு விஷயம். நகர நிர்வாகத்துக்கு எழுத்துப்பூர்வமாக நோட்டீஸ் கொடுக்க ஒரு கெடு உண்டு, அது சாதாரண வழக்குகளுக்கான கெடுவைவிடப் பல இடங்களில் மிகக் குறைவு. நியூயார்க் மாநிலத்தில் சம்பவம் நடந்து 90 நாளுக்குள் உரிமைக் கோரல் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும், வழக்குப் போட ஒரு வருஷமும் 90 நாளும். கலிஃபோர்னியாவில் 6 மாதத்துக்குள் கோரிக்கை, அவர்கள் முடிவு சொல்ல 45 நாள், எழுத்தில் மறுத்தால் அதற்குப் பிறகு வழக்குக்கு 6 மாதம். டெல்லி மாநகராட்சிச் சட்டத்தின் 478ஆம் பிரிவு 2 மாத முன்னறிவிப்பும் 6 மாதக் கெடுவும் வைக்கிறது. மற்ற மாநிலங்களின் நகராட்சிச் சட்டங்களையும் அதற்கென்று எடுத்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் சொத்துச் சேதத்துக்கு 6 வருஷம், அது தாராளம். ஆனால் அங்கேயும் ஆறு வருஷம் கழித்து அந்தக் கிளையின் முறிவு எப்படி இருந்தது என்று யாரும் காட்டிவிட முடியாது.

இதில் மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் இன்சூரன்ஸில் க்ளெய்ம் போட்டவர்கள்தான். பணம் கொடுத்த பிறகு நம் இடத்தில் நின்று நகரத்திடம் வசூலிக்கும் உரிமை கம்பெனிக்கு வந்துவிடுகிறது, அவர்கள் மொழியில் சப்ரொகேஷன். அவர்களே பார்த்துக்கொள்வார்கள், நாம் கட்டிய தொகையையும் வாங்கித் தந்துவிடுவார்கள் என்று நாம் காத்திருப்போம். அவர்களோ தொகை சின்னது, வழக்குப் போட்டால் கட்டுப்படியாகாது என்று கோப்பை மூடிவிடலாம். அது நமக்குத் தெரியவரும்போது கெடு முடிந்திருக்கும். ஆகவே கம்பெனி என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், நம் பெயரில், நம் கையிலிருந்து போன தொகைக்கும் கார் இல்லாத நாட்களில் வாடகை வண்டிக்கு ஆன செலவுக்கும் ஒரு நோட்டீஸ் கொடுத்து ஒப்புகை வாங்கி வைத்துவிட வேண்டும். அதற்கு வக்கீல்கூடத் தேவையில்லை. எங்கே, எப்போது, எந்த மரம், என்ன சேதம், எவ்வளவு, ஏன் உங்கள் பொறுப்பு என்று ஒரு பக்கத்தில் எழுதினால் போதும், பல நகரங்களில் அதற்கென்று படிவமே இருக்கிறது. நான் கொடுத்தது மறுக்கப்பட்டது. மறுபடியும் ஒரு மரம் விழுந்தால் மறுபடியும் கொடுப்பேன். குறைந்தபட்சம் அந்த மரத்தைப் பற்றி ஒரு பதிவு உருவாகிவிடுகிறது. அடுத்து அதே மரத்தடியில் கார் நிறுத்துபவருக்கு இது அவர்களுக்கு முன்பே தெரியும் என்று காட்ட ஒரு காகிதம் கிடைக்கும்.

நோட்டீஸை யாருக்குக் கொடுப்பது என்பதையும் ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். சாலையோர மரமெல்லாம் மாநகராட்சி மரம் இல்லை. நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம், சுற்றுச்சுவரை ஒட்டி நிற்பது பக்கத்து வளாகத்துக்காரருடையதாக இருக்கலாம். தவறான அலுவலகத்துக்குக் கொடுத்த நோட்டீஸ் கெடுவை நிறுத்தி வைக்காது.

கோர்ட்டைப் பற்றி நான் அதிகம் சொல்ல முடியாது, நான் படியேறவில்லை. படித்ததை வைத்துச் சொல்கிறேன். சிறு தொகை வழக்குகளுக்கு எளிய நடைமுறை உள்ள இடங்களில் வக்கீல் இல்லாமலே போகலாம், இங்கிலாந்தில் 10,000 பவுண்டு வரை அந்த வழியில் வரும், கலிஃபோர்னியாவில் தனிநபருக்கு 12,500 டாலர் வரை, ஆனால் முதலில் நகரத்திடம் கோரிக்கை கொடுத்து மறுப்பு வாங்கியிருக்க வேண்டும். சிக்கல் நிபுணர் அறிக்கையில்தான் வருகிறது. மரம் ஏற்கெனவே பழுதாகியிருந்தது, சோதித்திருந்தால் தெரிந்திருக்கும் என்று மரவியல் நிபுணர் ஒருவர் எழுதிக் கொடுத்தால் வழக்கு நிற்கும், ஆனால் அவருக்குக் கொடுக்கும் கட்டணம் நாம் திரும்பக் கேட்கும் தொகையையே விழுங்கிவிடலாம். பட்டுப்போன கிளை, பழைய புகார் எண், நிறைவேறாத வெட்டு உத்தரவு, இந்த மூன்றில் ஒன்று கையில் இருந்தால் நிபுணர் இல்லாமலே நிற்க முடியும் என்பது என் கணிப்பு. வெள்ளை முறிவை வைத்துக்கொண்டு நான் போகாததற்குக் காரணமும் இதுதான்.

இன்சூரன்ஸ் கம்பெனியே க்ளெய்மை மறுத்தால் அது வேறு வழக்கு. இந்தியாவில் 2019ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 2 வருஷத்துக்குள். அங்கே மரம் உளுத்ததா இல்லையா என்ற பேச்சே வராது, பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் வரும். அதனாலேயே அது எவ்வளவோ எளிது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்சூரன்ஸும் வாங்கி, நகர நிர்வாகமும் ஏதோ ஒரு சிறு தொகை தர முன்வந்தால், அவர்கள் நீட்டும் காகிதத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இந்தச் சம்பவம் தொடர்பான எல்லாக் கோரிக்கைகளும் முழுமையாக, இறுதியாகத் தீர்ந்தன என்று அதில் இருந்தால், கம்பெனி நகரத்திடம் வசூலிக்கும் உரிமையையும் சேர்த்து நாம் விட்டுக்கொடுத்ததாக ஆகலாம், அப்போது நமக்குக் கொடுத்த பணத்தைக் கம்பெனி நம்மிடமே திருப்பிக் கேட்க வழி உண்டு. நாம் கட்டிய தொகைக்கும் வாடகை வண்டிச் செலவுக்கும் மட்டும் என்று அந்த வரியை மாற்றி எழுதச் சொல்லுங்கள். மாற்ற மாட்டோம் என்றால் கையெழுத்துப் போடும் முன் கம்பெனியிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.